ஆய்வுக்கு ஆள் சேர்ப்பவர் ஆய்வாளர் ஆகலாமா?

சிங்கப்பூரின் செங்காங்கிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களை நானும் மாற்றியிருக்கிறேன்.

அவருக்கு வயது 34. உயிர் அறிவியலில் ஹானர்ஸ் பட்டம், இரண்டாம் வகுப்பு மேல்நிலை. ஏழு ஆண்டுகளாக ஒரு பொது மருத்துவமனையில் கிளினிக்கல் ரிசர்ச் கோஆர்டினேட்டர், அதாவது ஆய்வு ஒருங்கிணைப்பாளர். நீரிழிவால் சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்கு இரண்டு மருந்துகளில் எது மேல் என்று பார்க்கும் ஆய்வில் இப்போது வேலை செய்கிறார். ஆள் சேர்ப்பது, விளக்கிச் சொல்லி ஒப்புதல் வாங்குவது, வருகைத் தேதி குறிப்பது, தரவுகளைக் கணினியில் ஏற்றுவது எல்லாம் அவர் பொறுப்பு. கணவருக்குத் தளவாடத் துறையில் வேலை. மகளுக்கு நான்கு வயது. மாலையில் பாலர் பள்ளியிலிருந்து அழைத்து வருவது மாமியார். நாலறை வீட்டின் கடன் மாதாமாதம் இருவருடைய மத்திய சேம நிதியிலிருந்தும் போகிறது.

அவருடைய பேராசிரியர் சமீபத்தில், "நீங்கள் ஏன் என்னிடம் பிஎச்டி செய்யக்கூடாது?" என்று கேட்டிருக்கிறார். மருத்துவமனையோ, பகுதிநேர முதுநிலைப் படிப்புக்குப் பாதிச் செலவை ஏற்கிறோம், முடித்தபின் இரண்டு வருடம் இங்கே வேலை செய்ய வேண்டும் என்கிறது. "எதை எடுப்பது? மருத்துவர் அல்லாத எனக்கு இந்தத் துறையில் பிஎச்டி வாங்கி என்ன பயன்? ஏழு வருடமாக நானே சேர்த்த தரவு இருக்கிறதே, அதை வைத்து ஆய்வேட்டைச் சீக்கிரம் முடித்துவிட முடியாதா? இத்தனை வருடத்தில் ஒரு கட்டுரையிலும் என் பெயர் வரவில்லை, அது சரியா? 'இந்த வயசுல என்ன படிப்பு?' என்கிறார் மாமியார்." இவை அவருடைய கேள்விகள்.

கடிதத்தின் கடைசியில், கேள்வியாக இல்லாமல், ஒரு சம்பவத்தை எழுதியிருக்கிறார். எழுபது தாண்டிய ஒரு தாத்தாவுக்குத் தமிழில் அரை மணி நேரம் விளக்கியபின், அவர், "நீ சொன்னா சரிதாம்மா, எங்க கையெழுத்துப் போடணும்?" என்று கேட்டுக் கையெழுத்திட்டிருக்கிறார். அடுத்த வருகையில், "எனக்கு ஒத்துக்கும்னு பார்த்துத்தானே டாக்டர் இந்த மருந்தைக் குடுத்திருக்காரு?" என்றாராம். யாருக்கு எந்த மருந்து என்பதை அந்த ஆய்வில் கணினிதான் குலுக்கிப் போடுகிறது. "அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை" என்று முடித்திருக்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். கேள்விகளையெல்லாம் முன்னால் வைத்துவிட்டு, முக்கியமானதை வாலில் வைத்திருக்கிறீர்கள். அந்தத் தாத்தாவிடமிருந்தே தொடங்குகிறேன். நீங்கள் எதைப் படிக்க வேண்டும், எப்படிப் படிக்க வேண்டும் என்பதற்கான விடை பெரும்பாலும் அவரிடம்தான் இருக்கிறது.

எனக்கும் அப்படி ஒருவர் உண்டு. இளம் மருத்துவராக இருந்தபோது, நான் வேலை பார்த்த ஒரு மருத்துவமனையில், ஓர் அம்மாவை ஆய்வில் சேர்த்தேன். தமிழிலேயே பேசி, படிவத்தை வரிக்கு வரி வாசித்துக் காட்டித்தான் கையெழுத்து வாங்கினேன். மறுவாரம் அவர் காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் வந்து உட்கார்ந்திருந்தார். கேட்டால், "பரிசோதனைன்னு சொன்னீங்களே தம்பி, சாப்பிடாமத்தானே வரணும்?" என்றார். நான் சொன்ன "மருத்துவப் பரிசோதனை" அவர் காதில் இலவச உடல் பரிசோதனையாக விழுந்திருக்கிறது. தப்பு அவர்மேல் இல்லை. நம் ஊரில் அந்தச் சொல்லுக்கு அதுதான் பொருள். ரத்தப் பரிசோதனை, கண் பரிசோதனை, பரிசோதனை முடிவு என்று நாள் முழுக்கக் கேட்கும் சொல்லையே, இன்னும் விடை தெரியாத ஒரு மருந்தாய்வுக்கும் வைத்திருக்கிறோம். "சோதனை" என்று சுருக்கினால் இன்னும் மோசம். சாமி நம்மைச் சோதிக்கிறது என்று சொல்லும் வாய்க்கு, அது துன்பம்.

தாத்தாவுக்கு நேர்ந்ததற்குத் துறையில் ஒரு பெயர் இருக்கிறது: "தெரபியூட்டிக் மிஸ்கான்செப்ஷன்", அதாவது ஆய்வையே சிகிச்சை என்று நினைத்துவிடுவது. 1982இல் பால் ஆப்பெல்பாம் என்ற அமெரிக்க மனநல மருத்துவரும் அவருடைய சகாக்களும் அதைச் சுட்டிக்காட்டினார்கள். ஆய்வில் தனக்குக் கிடைப்பது தனக்கென்றே பார்த்துத் தேர்ந்தெடுத்த சிகிச்சை என்று நோயாளி நம்பிவிடும் குழப்பம் அது. படித்தவர், படிக்காதவர் எல்லோருக்கும் வரும். நம் முதியவர்களிடம் அதோடு இன்னொன்றும் சேர்கிறது: வெள்ளைக்கோட்டு போட்டவரை, அதிலும் தமிழில் பேசும் பிள்ளையை, மறுத்துச் சொல்லக்கூடாது என்ற மரியாதை.

இரவில் தூக்கம் கெடுத்த இந்த விஷயத்தை நீங்கள் குற்ற உணர்வாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அது ஓர் ஆராய்ச்சிக் கேள்வியாகத் தெரிகிறது. தமிழ் பேசும் முதிய நோயாளிகள் "குலுக்கல் முறை" என்பதை எப்படிப் புரிந்துகொள்கிறார்கள்? எந்தச் சொல் எடுபடுகிறது, எது எடுபடவில்லை? கேட்டதைத் திருப்பி அவர்கள் வாயாலேயே சொல்லச் சொன்னால் புரிதல் கூடுகிறதா? படிவத்தின் நீளத்தைக் குறைத்தால் என்ன ஆகும்? இதை அளக்க முடியும், ஒப்பிட முடியும், மாற்ற முடியும்.

டாக்டர் இல்லாதவர் என்ற தயக்கம்

கிளினிக்கல் ஆராய்ச்சி என்பது மனிதர்களை வைத்துச் செய்யும் ஆராய்ச்சி. டிரான்ஸ்லேஷனல் ஆராய்ச்சி என்றால், ஆய்வுக்கூடத்தில் தெரிந்துகொண்டதை நோயாளியின் கட்டிலுக்கும், அங்கிருந்து பலதுறை மருந்தகத்துக்கும், கடைசியில் எல்லார் வீட்டுக்கும் கொண்டுபோய்ச் சேர்க்கும் வேலை. வழி நெடுக ஒவ்வொரு இடத்திலும் ஒரு தடங்கல் இருக்கும். அதை ஆராய்வதும் இந்தத் துறைதான்.

உங்கள் மகளின் பாலர் பள்ளியில் விசாரித்தால், அண்ணன் அக்காவுக்கு அட்ரோபின் சொட்டு மருந்து போடும் குடும்பம் ஒன்றாவது இருக்கும். கிட்டப்பார்வை கூடாமல் இருக்க இரவில் போடும் சொட்டு. மருந்து பழையது. ஆனால் பிள்ளைகளுக்கு அது உதவுமா என்பதைச் சிங்கப்பூரில் 400 பிள்ளைகளை வைத்து முறையாகப் பார்த்தார்கள். 2006இல் முடிவு வெளியானது. ஒரு சதவீதச் சொட்டு வேலை செய்தது. ஆனால் வெளிச்சத்தில் கண் கூசியது, கிட்டத்தில் எழுத்து மங்கியது. இதை எந்தப் பிள்ளை தினமும் போட்டுக்கொள்ளும்? அந்தக் கேள்வியிலிருந்து அடுத்த ஆய்வு பிறந்தது. அளவை நூறில் ஒரு பங்காகக் குறைத்து 0.01 சதவீதம்வரை பார்த்தார்கள், 2012இல் வெளியிட்டார்கள். பிறகு ஹாங்காங்கில் 0.05 சதவீதம் இன்னும் நன்றாக வேலை செய்கிறது என்று 2019இல் காட்டினார்கள். இந்தக் கதை முழுவதிலும் மருந்து ஒன்றேதான். "அம்மா, கண்ணு கூசுது" என்று பிள்ளை சொன்னதைக் காதில் வாங்கிக்கொண்டதால் ஆராய்ச்சி நகர்ந்தது. நோயாளி சொல்வதை முதலில் கேட்பவர் யார்? பெரும்பாலும் உங்களைப் போன்ற ஒருங்கிணைப்பாளர்.

நம் ஆட்கள் நினைவில் வைத்திருக்க வேண்டிய இன்னொரு கதை சென்னையில் நடந்தது. 1956இல் அங்கே தொடங்கிய காசநோய் சிகிச்சை ஆய்வு மையத்தில், வாலஸ் ஃபாக்ஸ் தலைமையில், நோயாளிகளில் ஒரு பாதியைச் சானடோரியம் எனப்படும் காசநோய் மருத்துவமனையிலும் மறு பாதியை அவர்களுடைய நெருக்கடியான வீடுகளிலும் வைத்து ஒரே மருந்துகளை ஒரு வருடம் கொடுத்தார்கள். நல்ல சாப்பாடும் ஓய்வும் இல்லாத வீட்டில் குணமாகாது என்றுதான் அன்று எல்லோரும் நம்பினார்கள். 1959இல் வந்த முடிவு, வீட்டிலும் ஏறக்குறைய அதே அளவு குணமாகிறது என்று காட்டியது. வீட்டில் உள்ளவர்களுக்குத் தொற்று அதனால் கூடவில்லை என்பதையும் அதைத் தொடர்ந்து காட்டினார்கள். உலகம் காசநோய்க்குச் சிகிச்சை தரும் முறையே மாறியது. அந்த ஏழை நோயாளிகளின் வீட்டுக்கு வீடு போய், மாத்திரை சாப்பிட்டார்களா என்று பார்த்தவர்கள் இல்லாமல் அது நடந்திருக்காது.

ஆகவே, மருத்துவர் அல்லாதவருக்கு இங்கே இடமில்லை என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள். டியூக்-என்யுஎஸ் மருத்துவப் பள்ளியில் கிளினிக்கல், டிரான்ஸ்லேஷனல் அறிவியலுக்கென்றே முனைவர் பட்டப் படிப்பு இருக்கிறது. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் சாவ் சுவீ ஹாக் பொதுச் சுகாதாரப் பள்ளியிலும், நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் லீ கொங் சியான் மருத்துவப் பள்ளியிலும் மருத்துவர் அல்லாதவர்கள் முனைவர் பட்டம் செய்கிறார்கள். மருந்தாளர், தாதி, புள்ளியியல் படித்தவர், பொறியாளர் என்று பலரும் வருகிறார்கள்.

ஒன்றை மட்டும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். தேசிய மருத்துவ ஆய்வு மன்றத்தின் மருத்துவ விஞ்ஞானி விருதுகள், நோயாளிகளுக்குச் சிகிச்சை அளிப்பவர்களை மனத்தில் வைத்து ஏற்பட்டவை. அந்தப் பாதை உங்களுக்கு இல்லை. பிஎச்டிக்குப் பிறகு கிடைக்கும் ஆய்வாளர் வேலைகள் பல மானியத்தோடு கட்டிப்போட்டவை; மானியம் தீர்ந்தால் ஒப்பந்தமும் தீரும். நிரந்தரப் பேராசிரியர் இடங்கள் குறைவு. படித்தவர்கள் பலர் மருந்து நிறுவனங்கள், ஆய்வு நிர்வாகம், ஒழுங்குமுறை அமைப்புகள், மருத்துவமனைகளின் ஆய்வுப் பிரிவுகள் என்று போகிறார்கள். அவை நல்ல வேலைகள்தாம். "பேராசிரியர் ஆகாவிட்டால் வீண்" என்ற கணக்கோடு மட்டும் நுழையாதீர்கள்.

முதுநிலையா, முனைவரா?

முதுநிலை முடித்தால்தான் பிஎச்டிக்குப் போகலாம் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியில்லை. இங்கே நல்ல ஹானர்ஸ் பட்டத்தோடு நேரடியாக பிஎச்டிக்கு விண்ணப்பிக்கலாம். உங்கள் பட்டம் அதற்குப் போதும். இரண்டும் ஒரே ஏணியின் படிகள் என்று நினைப்பதால்தான் குழப்பம் வருகிறது.

பொதுச் சுகாதாரத்திலோ கிளினிக்கல் ஆராய்ச்சியிலோ பகுதிநேர முதுநிலை என்பது பாடங்களால் ஆனது. நோய்ப்பரவலியல், உயிர்ப்புள்ளியியல், ஆய்வு வடிவமைப்பு, நெறிமுறை. பெரும்பாலும் இரண்டு வருட மாலை நேரங்கள். இப்போது செய்யும் வேலையை இன்னும் தெளிவாகச் செய்யவும், ஒரு குழுவை நடத்தவும் அது உதவும். பிஎச்டியில் பாடங்கள் முதல் ஓரிரு வருடத்தோடு முடிந்துவிடும். பிறகு தகுதித் தேர்வு, அதன்பின் உங்கள் கேள்வியோடு நீங்கள் மட்டும். நான்கு வருடம் என்பார்கள், நீளவும் நீளும். பிறர் வகுத்த ஆய்வை நடத்திக்கொடுப்பதிலிருந்து, ஆய்வை வகுக்கும் இடத்துக்கு நகர வேண்டும் என்றால் அதுதான் வழி.

உங்கள் கடிதத்தை வைத்துப் பார்த்தால் நான் பிஎச்டி பக்கம் சாய்கிறேன். ஆனால் வரும் ஆகஸ்ட்டில் வேண்டாம், அதற்கடுத்த ஆகஸ்ட்டில் போங்கள். முதுநிலையை நீங்கள் விரும்புவது அது பாதுகாப்பானது என்பதால். பாடத்தில் எது பிடித்திருக்கிறது என்று ஒரு வரிகூட எழுதவில்லை. மகள் தூங்கியபின் இரண்டு வருடம் படித்து முடித்து, இரண்டு வருட ஒப்பந்தத்தையும் முடித்து, "இப்போது பிஎச்டி" என்று கிளம்பும்போது உங்களுக்கு 39 ஆகியிருக்கும். அப்போதும் போகலாம்தான், ஆனால் அந்தத் தாத்தாவின் கேள்வி அதுவரை காத்திருக்க வேண்டும்.

இடையில் இருக்கும் ஒரு வருடத்தைப் பயிற்சியாக வைத்துக்கொள்ளுங்கள். புள்ளியியலில் ஒரு பாடம் எடுங்கள். உங்களுடைய பலவீனம் அதுவே என்று நீங்களே சொல்லியிருக்கிறீர்கள், அதை இப்போதே தெரிந்துகொள்வது நல்லது. பேராசிரியரிடம் கேட்டு, நோயாளிகள் ஒப்புதலை எப்படிப் புரிந்துகொள்கிறார்கள் என்பது பற்றிய ஒரு சிறிய ஆய்வை, ஆய்வுகளுக்கு அனுமதி தரும் நெறிமுறைக் குழுவுக்கு உங்கள் பெயரில் அனுப்பப் பாருங்கள். இருபது முப்பது பேரிடம் உட்கார்ந்து பேசும் ஆய்வாக இருந்தாலே போதும். விண்ணப்பம் எழுதுவது, திருப்பி அனுப்பப்படுவது, திருத்தி மீண்டும் அனுப்புவது ஆகிய மூன்றும் உங்களுக்குப் பிடித்திருந்தால் பிஎச்டியும் பிடிக்கும். வெறுத்துப்போனால், அதை ஒரு வருடத்தில் தெரிந்துகொண்டதில் நஷ்டமில்லை.

வீட்டுக் கணக்கு

இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை, அதனால் விரிவாகச் சொல்கிறேன். பிஎச்டி மாணவருக்குக் கிடைப்பது சம்பளம் இல்லை, உதவித்தொகை. அதற்கு மத்திய சேம நிதிச் சந்தா கிடையாது. உங்கள் பங்கும் வராது, முதலாளியின் பங்கும் வராது. உங்கள் வீட்டுக் கடன் சேம நிதியிலிருந்து போகிறது அல்லவா? நீங்கள் வேலையை விட்ட மாதத்திலிருந்து உங்கள் சாதாரணக் கணக்கில் புதிதாக எதுவும் விழாது. இருக்கும் இருப்பு எத்தனை மாதம் தாங்கும், அதன்பின் ரொக்கமாக எவ்வளவு போட வேண்டும் என்று இன்றிரவே கணவரோடு உட்கார்ந்து எழுதுங்கள். மருத்துவச் செலவுக்கான மெடிசேவ் கணக்குக்கும் இதே நிலைமை. கையில் வரும் தொகையை மட்டும் சம்பளத்தோடு ஒப்பிட்டு, "கொஞ்சம்தானே குறைகிறது" என்று நினைத்துத் தடுமாறியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பாலர் பள்ளி மானியமும் தாய் வேலை பார்க்கிறாரா என்பதைப் பொறுத்து மாறலாம். முழுநேர மாணவியானால் உங்கள் மானியம் என்ன ஆகும் என்று பள்ளி நிர்வாகத்திடம் எழுத்தில் கேட்டு வாங்கிவிட்டு, பிறகு வேலையை விடுங்கள்.

அப்புறம், பாண்ட், அதாவது படிப்பு முடிந்தபின் இரண்டு வருடம் அங்கேயே வேலை செய்ய வேண்டும் என்ற நிபந்தனை. அதை முறித்தால் குற்றவாளி ஆகிவிடுவோமோ என்பதுபோல் எழுதியிருக்கிறீர்கள். அது ஓர் ஒப்பந்தம், அவ்வளவுதான். முறித்தால் பொதுவாகப் பணத்தைத் திருப்பிக் கட்ட வேண்டியிருக்கும், சில இடங்களில் வட்டியோடு. கையெழுத்துப் போடும் முன் சிலவற்றைத் தேடிப் பாருங்கள். இரண்டு வருடம் எந்த நாளிலிருந்து எண்ணப்படும்? பாதி முடித்திருந்தால் தொகை குறையுமா, முழுதாகக் கேட்பார்களா? மகப்பேறு விடுப்பு, சம்பளமில்லா விடுப்பு எடுத்தால் ஒப்பந்தம் நீளுமா? வேறொரு பொது மருத்துவமனைக்கு மாறினால் அது செல்லுமா? பதில் தாளில் இல்லாவிட்டால் மனிதவளப் பிரிவிடம் மின்னஞ்சலில் கேளுங்கள். வாய்ப்பேச்சு போதாது.

மாமியார் பற்றி ஒரு வார்த்தை. மாலை ஐந்து மணிக்கு உங்கள் மகளின் கையைப் பிடித்து அழைத்து வருபவர் அவர். நீங்கள் படிக்கப் போகும் நான்கு வருடத்திலும் அந்தக் கை வேண்டும். "என்ன படிப்பு?" என்று அவர் கேட்பதைத் தடையாக எடுத்துக்கொள்ளாமல், அந்தத் தாத்தாவின் கதையை அவரிடம் சொல்லிப் பாருங்கள். அவருக்கும் அதே வயதுதானே? டாக்டர் சொன்னதற்கெல்லாம் தலையாட்டிவிட்டு வீட்டுக்கு வந்து உங்களிடம் விளக்கம் கேட்பவராகவும் இருப்பார்.

ஏழு வருடத் தரவு

இங்கே உங்களைக் கொஞ்சம் அழுத்தமாகத் திருத்த வேண்டியிருக்கிறது. அந்தத் தரவு உங்களுடையது இல்லை. பேராசிரியருடையது என்றும் சொல்ல முடியாது. நோயாளிகள் ஒரு குறிப்பிட்ட காரணத்துக்காக, குறிப்பிட்ட குழுவிடம், நிறுவனத்தின் பொறுப்பில் ஒப்படைத்தது. உங்கள் ஆய்வேடு என்பது புதிய நோக்கம். அதற்கு அந்தத் தரவைத் தொட வேண்டுமானால், அவர்கள் கையெழுத்திட்ட படிவம் பிற்கால ஆய்வுக்கு அனுமதி தந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும், நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வேண்டும், நிறுவனத்தின் அனுமதியும் வேண்டும். ஊழியராக உங்களுக்கு இருக்கும் கணினி அனுமதி, மாணவியாக மாறிய மறுநாள் தானாகத் தொடராது. "வேலையை விடும் முன் ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள்ளவா?" என்று கேட்டிருந்தீர்கள். கூடவே கூடாது. நல்ல எண்ணத்தோடு செய்தாலும் அது தரவுக் கசிவுதான், உங்கள் வாழ்க்கைத் தொழிலையே முடித்துவிடக்கூடியது. முறையாகக் கேட்டால் பெரும்பாலும் கிடைக்கும். நேரம் பிடிக்கும், அதற்கும் அந்த ஒரு வருடம் பயன்படும்.

கட்டுரையில் பெயர் வராதது பற்றி: ஏழு வருடம் உழைத்ததாலேயே பெயர் வந்துவிட வேண்டும் என்பதும், ஒருங்கிணைப்பாளருக்குப் பெயர் கிடையாது என்பதும் இரண்டும் தவறு. மருத்துவ இதழ்கள் பின்பற்றும் சர்வதேச வழிகாட்டுதல் நான்கு நிபந்தனைகளை வைக்கிறது. வடிவமைப்பிலோ தரவைச் சேகரிப்பதிலோ ஆராய்வதிலோ கணிசமான பங்கு. கட்டுரையை எழுதுவதில் அல்லது அறிவுபூர்வமாகத் திருத்துவதில் பங்கு. இறுதி வடிவத்துக்கு ஒப்புதல். அதன் உண்மைக்குப் பொறுப்பேற்பது. நான்கும் வேண்டும். ஆனால் முதல் நிபந்தனையை நிறைவேற்றியவருக்கு மற்ற மூன்றையும் செய்ய வாய்ப்புத் தர வேண்டும் என்றும் அதே வழிகாட்டுதல் சொல்கிறது. பலருக்கு இது தெரியாது. அடுத்த கட்டுரையின் பேச்சு எழும்போதே, "நோயாளிகளைச் சேர்த்த முறை பற்றிய பகுதியை நான் எழுதித் தரட்டுமா, சார்?" என்று கேளுங்கள். கட்டுரை முடிந்தபின் கேட்டால் அது மனக்கசப்பாகத்தான் போகும்.

பேராசிரியர் நல்லவர்தான், ஆனால்...

உங்களைக் கூப்பிட்டிருப்பது மதிப்பால்தான் என்று நம்புகிறேன். என்றாலும் மேலதிகாரி மேற்பார்வையாளராக மாறும்போது வரும் ஒரு சிக்கலைச் சொல்ல வேண்டும். ஒருங்கிணைப்பாளர் வேலை உங்களுக்கு அத்துப்படி. புதிதாக வருபவருக்குத் தெரியாது. "இந்த ஒரு வாரம் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்" என்பது நான்கு வருடமும் தொடரக்கூடும். மாணவி என்ற பெயரில் குறைந்த பணத்துக்கு அதே வேலையைச் செய்துகொண்டிருப்பீர்கள். சேரும் முன்பே நேரடியாகக் கேளுங்கள்: "என் இடத்துக்கு யார் வருகிறார்கள், எப்போது?"

அவரிடம் முன்பு பிஎச்டி முடித்த இரண்டு பேரிடம் தனியாகப் பேசுங்கள். முடிக்காமல் போனவர் இருந்தால் அவரிடமும். எத்தனை வருடம் ஆனது, முதல் ஆசிரியராக எத்தனை கட்டுரை, இப்போது எங்கே இருக்கிறார்கள், வாரத்தில் ஒரு மணி நேரமாவது அவர் கிடைத்தாரா? பட்டத்தின் பெயரைவிட இந்தப் பதில்கள் முக்கியம். இன்னொன்று: அவருடைய துறை சிறுநீரகம். உங்கள் கேள்வி ஒப்புதலையும் மொழியையும் பற்றியது. நெறிமுறையிலோ தொடர்பாடலிலோ ஆராய்ச்சி செய்யும் ஒருவரை இணை மேற்பார்வையாளராகக் கேளுங்கள். உங்கள் முன்னேற்றத்தைப் பார்க்கும் ஆலோசனைக் குழுவில் பேராசிரியரின் ஆய்வகத்துக்கு வெளியே இருந்து ஒருவர் இருப்பது உங்களுக்குப் பாதுகாப்பு.

அந்தத் தாத்தாவுக்கு இப்போது செய்ய வேண்டியது

இதற்குப் பிஎச்டி வரை காத்திருக்க வேண்டாம். மருந்தாய்வுகள் சுகாதார அறிவியல் ஆணையத்தின் விதிகளுக்குள் வருகின்றன. மற்ற பல ஆய்வுகள் 2015ஆம் ஆண்டின் மனித உயிர்மருத்துவ ஆய்வுச் சட்டத்துக்குள் வருகின்றன. எதுவானாலும் அடிப்படை மாறாது: புரிந்துகொண்டு, தானாக முன்வந்து சம்மதிக்க வேண்டும், எப்போது வேண்டுமானாலும் விலகலாம், விலகினால் சிகிச்சை குறையக்கூடாது. கையெழுத்து ஒருமுறை விழுந்ததோடு ஒப்புதல் முடிந்துவிடுவதில்லை.

தாத்தா சொன்னதை முதன்மை ஆய்வாளரான உங்கள் பேராசிரியரிடம் சொல்லுங்கள், குறிப்பிலும் எழுதுங்கள். நீங்களாகத் தனியே சரிசெய்யப் பார்க்காதீர்கள், மறைக்கவும் வேண்டாம். ஒப்புதலை மறுபடி எடுக்க வேண்டுமா, நெறிமுறைக் குழுவுக்குத் தெரிவிக்க வேண்டுமா என்பதை அவர் முடிவு செய்யட்டும். மறுபடி பேசும்போது மகனையோ மகளையோ உடன் வரச் சொல்லலாம். "பரிசோதனை" என்ற சொல்லை எடுக்காதீர்கள். "ரெண்டு மருந்துல எது நல்லதுன்னு டாக்டருக்கே இன்னும் தெரியல, தாத்தா. அதைத் தெரிஞ்சுக்கத்தான் இந்த ஆராய்ச்சி. உங்களுக்கு எது வந்திருக்குன்னு டாக்டர் தேர்ந்தெடுக்கல, சீட்டுக் குலுக்கிப் போட்ட மாதிரி கம்ப்யூட்டர் எடுத்துச்சு" என்று சொல்லுங்கள். பிறகு, "இப்ப நான் சொன்னதை உங்க பேத்திக்குச் சொல்ற மாதிரி எனக்குச் சொல்லுங்க" என்று கேட்டுவிட்டு, அவர் சொல்லி முடிக்கும்வரை குறுக்கிடாமல் இருங்கள். வேண்டாம் என்றால், அதே முகத்தோடு, "சரி தாத்தா, உங்க வழக்கமான சிகிச்சைக்கு ஒன்னும் குறையாது" என்று சொல்ல வேண்டியதும் நீங்கள்தான்.

அவருடைய அடுத்த வருகைத் தேதி உங்கள் அட்டவணையில் இருக்கும். அதற்கு முன்பே பேராசிரியரைப் பார்த்துவிடுங்கள்.